மூன்று பேர் இருந்த கேசட்

எங்கள் மலையில் எந்தப் பொருள் கெட்டாலும் முதல் பழி ஈரத்தின் மேல்தான் விழும். ரேடியோ கரகரத்தால் ஈரம். தீப்பெட்டி உரசவில்லை என்றால் ஈரம். சர்ச் ஆர்மோனியத்தில் ஒரு கட்டை எழும்பாமல் போனாலும், பாட்டுக்காரர் நடுவில் இருமினாலும்கூட, பனி இறங்கிவிட்டது என்று சொல்லிவிடுவார்கள். அதனால் மாமா ஜப்பானிலிருந்து வாங்கிவந்த டிவி கேம் கேசட்டுகள் ஓடாமல் போனபோது எங்கள் வீட்டில் யாருக்கும் வேறு காரணம் தோன்றவில்லை. அவற்றை எடுத்துக்கொண்டு போய்க் காப்பிக் களத்தில் காயப்போட்டோம்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. சரக்குக் கப்பலில் சமையல் வேலை பார்த்தார். வருஷத்தின் பெரும்பகுதி கடலில்தான். கிறிஸ்துமஸை ஒட்டி மட்டும் மலையேறி வருவார். வரும்போது அவர் பெட்டியிலிருந்து வெங்காயமும் டீசலும் கலந்த ஒரு வாசனை அடிக்கும். வெளிநாடுகளின் வாசனையே அதுதான் என்று நான் நம்பியிருந்தேன். அப்பா எஸ்டேட்டில் ஜீப் ஓட்டினார். சேலத்தைத் தாண்டி அவர் போனது குறைவு. ஆனாலும் பல நாடுகளைப் பார்த்துவிட்டு வரும் மாமாவுக்கு உலகம் தெரியாது என்பது அவருடைய உறுதியான கருத்து. “கப்பல்ல போனாக் கடலு தெரியும் மாப்ள. ரோட்டுல போனாத்தான் ஊரு தெரியும்” என்பார். மாமா மறுத்துப் பேச மாட்டார். அக்காள் புருஷனிடம் தோற்றுப்போவதும் ஒரு மரியாதைதான் என்று நினைத்திருந்தார் போலிருக்கிறது.

அந்த வருஷம் அவர் கொண்டுவந்தது ஒரு சாம்பல் நிறப் பெட்டி. டிவியில் சொருகினால் விளையாடலாம். பெட்டியை ஐரோப்பாவில் ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கினாராம். நம் ஊர் டிவிக்கு அந்தப் பக்கத்து மெஷின்தான் ஒத்துப்போகும் என்று கப்பல் எலக்ட்ரீஷியன் சொல்லியிருந்தார். கூடவே ஒரு கால்பந்து கேசட் கொடுத்திருந்தார்கள். பிறகு கப்பல் ஜப்பானுக்குப் போனபோது அங்கே பழைய சாமான் கடை ஒன்றில் இதே மாதிரி கேசட்டுகள் மலிவாகக் குவிந்து கிடந்தனவாம். ஒரு பை நிறைய அள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

“மெஷினு ஒரு நாட்ல, கேசட்டு ஒரு நாட்ல. எங்க எது நல்லதோ அங்க அதை வாங்கோணும். மூளை வேணுமில்லைங்க மச்சான்” என்று அப்பாவிடம் சொன்னார். வாழ்க்கையில் ஒரு முறை அவர் அப்பாவை ஜெயித்ததாக நினைத்தது அந்தச் சாயங்காலம்தான். அது ரொம்ப நேரம் நீடிக்கவில்லை.

கால்பந்து ஓடியது. டிவிக்குள் இருக்கும் மனிதன் நான் பொத்தானை அழுத்தினால் ஓடினான், விட்டால் நின்றான். அதுவரை டிவி சொல்வதை நாங்கள் கேட்டிருந்தோம். நாங்கள் சொல்வதை டிவி கேட்டது அதுதான் முதல் தடவை. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “அந்தாளுக்கு மூச்சு வாங்கும் கண்ணு, கொஞ்சம் நிக்க வுடு” என்றாள்.

அடுத்து ஜப்பான் கேசட்டைப் போட்டார் மாமா. அது கச்சிதமாக உட்கார்ந்தது. அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருந்தது. பொத்தானைத் தள்ளினார். சிவப்பு விளக்கு எரிந்தது. டிவி கறுப்பாகவே இருந்தது. இன்னொன்று போட்டார். கறுப்பு. பையில் இருந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். அப்பா எழுந்து போய், ஜீப் கழுவுகிற வாளியை எடுத்துக்கொண்டு, போகிற போக்கில், “மூளை நல்லாத்தான் வேலை செய்யுது மாப்ள” என்றார்.

அந்தப் பையில் ஒரு கேசட்டின் மேல் மட்டும் எனக்குக் கண். அதன் முகப்பில் ஒரு படம் ஒட்டியிருந்தது. ஒரு பாறை நுனியில் சிவப்புச் சால்வை போர்த்திய ஒரு பெண் லாந்தர் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கீழே பள்ளம் முழுக்கப் பனி. பனிக்கு மேலே தீவுகள் மாதிரி மலை உச்சிகள். தூரத்தில் ஒரு வெள்ளைப் பறவை, அது எவ்வளவு பெரிது என்றால் ஓர் உச்சியின் மேல் அதன் நிழல் முழுசாக விழுந்திருந்தது. பள்ளிக்கூடம் போகும் வழியில், காலை வேளைகளில், சேலம் இருக்கும் திசை முழுவதும் பனியில் மூழ்கி, நாங்கள் மட்டும் மேலே மிச்சமிருப்பது போல இருக்கும். அதை யாரோ ஜப்பானில் உட்கார்ந்து வரைந்திருக்கிறார்கள் என்பதை என்னால் நம்பவே முடியவில்லை. அந்தப் பெண் அடுத்த அடியை எங்கே வைக்கப்போகிறாள் என்று தெரிந்தாக வேண்டும். அந்தக் கறுப்புத் திரைக்குப் பின்னால் அவள் நின்றுகொண்டே இருக்கிறாள் என்று தோன்றியது.

இதோடு நின்றிருந்தால் இது ஆசை மட்டும்தான். நான் ஒரு காரியம் செய்துவிட்டேன்.

பள்ளிக்கூடத்தில் நான் பேசாத பெண். வாத்தியார் பெயர் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்குவேன். என் வகுப்பில் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரின் மகள் பிரமிளா இருந்தாள். சேலத்தில் அவள் சித்தி வீட்டில் டிவி கேம் இருப்பதாகவும், அதைப் பார்க்காதவர்கள் இன்னும் காட்டில்தான் இருக்கிறார்கள் என்றும் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள். எல்லாரும் அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். என் வாய் என்னைக் கேட்காமல் திறந்தது.

“எங்க மாமா ஜப்பான்ல இருந்து கொண்டாந்திருக்காரு. அதுல ஒரு பெரிய பறவை இருக்குது.”

சொன்னது நான்தானா என்று திரும்பிப் பார்த்தார்கள். பிரமிளா ஒரு கணம் யோசித்துவிட்டு, “அப்ப ஞாயித்துக்கிழமை நான் வரேன். பறவையைக் காட்டு” என்றாள். என் பக்கத்தில் உட்காரும் அலமேலு தானும் வருவதாகச் சொன்னாள். அவள் எங்கள் எஸ்டேட்டுக்கு மேலே உள்ள மலைக்கிராமத்துப் பெண். அவர்கள் வீட்டில் டிவியே இல்லை. எதையும் நம்பக்கூடிய முகம் அவளுக்கு.

வாழ்க்கையில் முதல் தடவையாகப் பெருமையடித்தேன். அதுவும் ஓடாத கேசட்டை வைத்து. ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்தப் பறவை பறக்கவில்லை என்றால் திங்கட்கிழமை முதல் நான் பேசாத பெண் அல்ல, பொய் பேசுகிற பெண்.

மாமாவிடம் சொன்னேன். அவர் விஷயத்தின் கனத்தைப் புரிந்துகொண்டார். மெஷினைத் தூக்கிக்கொண்டு ஒண்டிக்கடை பஜாரில் டிவி ரிப்பேர் செய்பவரிடம் போனார். அவர் கேசட்டை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “ஈரம் ஏறியிருக்குதுங்க. கடல்ல வேற வந்திருக்குது, மலையில வேற ஏறியிருக்குது. நல்லா வெயில்ல போடுங்க” என்றார். கால்பந்து கேசட்டும் அதே கடலில்தான் வந்தது, அதே மலையில்தான் ஏறியது. யாரும் அதை யோசிக்கவில்லை.

காப்பிப் பழம் பறிக்கும் காலம் அது. களம் முழுக்கக் காப்பி பரப்பியிருந்தார்கள். ஓர் ஓரத்தில் துண்டை விரித்து மாமா கேசட்டுகளை வரிசையாக அடுக்கினார். காப்பி தள்ளும் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்கள்.

“ஏனுங்க தம்பி, இது எந்த ஊருக் காப்பிங்க?”

“ஜப்பான் காப்பிங்கக்கா.”

“கொட்டை பெருசா இருக்குதே. வறுத்தா வாசம் வருங்களா?”

அப்பாவும் ஜீப்பை நிறுத்திவிட்டுச் சேர்ந்துகொண்டார். “ரெண்டு நாள் காயட்டும். அப்புறம் மூட்டை புடிச்சுச் சேலத்துக்கு ஏத்திப்போடறேன்” என்றார். மாமா எல்லாரோடும் சேர்ந்து சிரித்தார். ஆனால் வெயில் நகர நகரத் துண்டையும் நகர்த்திக்கொண்டே இருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பனி இறங்குவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் திருப்பிப் போட்டேன். வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சொருகினோம். சூடாக இருந்தது. டிவி கறுப்பாக இருந்தது.

சனிக்கிழமை அம்மா வீடு துடைத்தாள். ரைட்டர் மகள் வருகிறாள் என்பதால் வழக்கத்தைவிட அழுத்தித் துடைத்தாள். டிவியின் மேல் மாமா ஒரு ஸ்டாண்டு வைத்திருந்தார். ஜப்பான் கடைக்காரர் பையோடு சேர்த்துப் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் சாமான் அது. மேலே முன்னும் பின்னுமாக இரண்டு பொந்துகள் இருக்கும். கேசட்டுகளைச் சொருகி அழகுக்கு வைப்பதற்கு என்று நினைத்து, நாங்கள் லாந்தர்ப் பெண்ணையும் கால்பந்தையும் அதில் நிறுத்தி, மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தோம். அம்மா அதைத் தூக்கித் தூசி தட்டினாள். பிறகு கவிழ்த்துப் பார்த்தாள்.

“ஏன் தம்பி, ஸ்டாண்டுக்கு எதுக்குப் பல்லு வெச்சிருக்கறான்?”

அதன் அடியிலும் கேசட்டுகளுக்கு இருப்பது போலவே வரிசையாகப் பித்தளைப் பற்கள் இருந்தன.

மாமா கையிலிருந்த டீ டம்ளரைத் தரையில் வைத்தார். ஸ்டாண்டை அப்படியே மெஷினில் சொருகினார். முதலில் ஜப்பான் கேசட்டை மட்டும் முன்பொந்தில் வைத்தார். கறுப்பு. பிறகு கால்பந்தை முன்னாலும் ஜப்பானைப் பின்னாலும் வைத்தார். கால்பந்து ஓடியது. நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஜப்பானை முன்னால், கால்பந்தைப் பின்னால் மாற்றினார்.

கறுப்பு கொஞ்ச நேரம் கறுப்பாகவே இருந்தது. அப்புறம் அது கலைந்தது. விடியற்காலையில் ஏரியின் மேல் பனி விலகுகிற மாதிரி, அடியிலிருந்து மேலாக, மெதுவாக. ஒரே ஒரு மணியோசை கேட்டது. பனிக்குள்ளிருந்து ஒரு மலை உச்சி வந்தது. இன்னொன்று வந்தது. லாந்தர் வெளிச்சம் ஒரு புள்ளியாகத் தெரிந்து, பெரிதாகி, அவள் வந்து நின்றாள். சால்வை காற்றில் ஆடியது. நான் என்ன செய்தேன் என்று நினைவில்லை. அம்மா தலையில் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டது நினைவிருக்கிறது. பூசைக்கு மணியடித்தால் அவள் அப்படித்தான் செய்வாள்.

அப்பா வந்ததும் நடந்ததைச் சொன்னோம். கேலி வரும் என்று மாமா காத்திருந்தார். அப்பா மெஷினைச் சுற்றி வந்து, முன்பொந்தையும் பின்பொந்தையும் குனிந்து பார்த்தார்.

“எஸ்டேட் கேட்டு மாதிரிதான் மாப்ள. வெளியாள் வண்டிய வாட்ச்மேன் உள்ள வுட மாட்டான். தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணு பின்னால உக்காந்திருந்தா, யாரு ஓட்டினாலும் தெறந்து வுட்ருவான்.”

அந்த மெஷின்களுக்கு அப்போது நாட்டுக்கு நாடு பூட்டு உண்டு என்று என் மகன் இப்போதுதான் போனில் படித்துச் சொன்னான். ஒரு நாட்டுக் கேசட் இன்னொரு நாட்டு மெஷினில் ஓடாதாம். உள்ளூர்க் கேசட் ஒன்று பின்னால் இருந்து ஜாமீன் கொடுத்தால்தான் திறக்குமாம். அப்பா சொன்னது ஏறக்குறைய சரி. இன்னொன்றும் சொன்னான். ஜப்பான் கேசட் ஐரோப்பா மெஷினில் கொஞ்சம் மெதுவாக ஓடுமாம், பாட்டும் இழுத்துக்கொண்டு போகுமாம், மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுமாம். அவன் அதைக் குறையாகச் சொன்னான். எனக்கு அந்த உலகம் அவசரமே இல்லாத உலகமாகத் தெரிந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அன்றைக்கு அதற்கு மேல் பார்க்க முடியவில்லை. கரண்டு போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சாப்பாடும் முடிந்து அவர்கள் வந்தார்கள். பிரமிளா குடையோடு வந்தாள். அலமேலு பாவாடை மடியில் ஆரஞ்சுப் பழங்களோடு வந்தாள். மாமா மெஷினைப் போட்டு ரிமோட்டை என் கையில் கொடுத்துவிட்டு வாசற்படியில் போய் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட ஆரம்பித்தார். பனி விலகியது. மணியடித்தது. அலமேலு வாயில் இருந்த ஆரஞ்சுச் சுளையை மெல்லவில்லை.

“ம்” என்றாள் பிரமிளா. அவளுக்கு அது பெரிய பாராட்டு. “ஸ்டார்ட் பட்டனை அமுத்து.”

அமுத்தினேன். மூன்று வரிசைகள் வந்தன. ஒவ்வொரு வரிசையிலும் ஒரு குட்டி உருவம், பக்கத்தில் ஜப்பான் எழுத்து, கடைசியில் மட்டும் நமக்குத் தெரிந்த எண்கள். முதல் வரிசையில் எண் பெரிது. இரண்டாவதில் பாதி. மூன்றாவதில் எண் என்று சொல்லவே ஒன்றுமில்லை.

“மூணும் ரொம்பியிருக்குது” என்றாள் பிரமிளா. “இது பழைய கேசட்டு. யாரோ ஆடி, அதுவரைக்கும் சேர்த்து வெச்சிருக்காங்க. எங்க சித்தி ஊட்லயும் இப்படித்தான். ஒண்ணை அழிச்சாத்தான் நம்ம பேரைப் போட்டு மொதல்ல இருந்து ஆட முடியும். கடைசி ஆளை அழி. அது ஒண்ணுமே ஆடல பாரு.”

“யாரது?” என்று கேட்டாள் அலமேலு.

“ஜப்பான்காரங்க.”

“அவிங்க இன்னும் முடிக்கலையா?”

“முடிக்கல. அதுக்கென்ன? வித்துப்போட்டாங்கல்ல.”

அலமேலுவுக்கு அது சரியாகப் படவில்லை. அவர்கள் ஊரில் காட்டுக்குள் தேன்கூடு பார்த்த ஆள், எடுக்க நேரமில்லை என்றால் பக்கத்தில் இருக்கும் புல்லைச் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு வந்துவிடுவாராம். முடிச்சைப் பார்த்தால் வேறு யாரும் தொட மாட்டார்களாம். அதைச் சொன்னாள்.

“எத்தனை நாளைக்கு?” என்று மடக்கினாள் பிரமிளா.

“அவிங்க வர்ற வரைக்கும்.”

“வராமயே போயிட்டா?”

அலமேலு கொஞ்சம் யோசித்தாள். “போனாப் போவுது. தேனீயே குடிச்சுக்கும்.”

பிரமிளா அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். “இது அவ கேசட்டா, உன் கேசட்டா? நீ சொல்லு. அழிக்கலாமா, வேண்டாமா? வேண்டாம்னா நான் எதுக்கு இவ்வளவு தூரம் ஏறி வந்தேன்?”

வாசலில் பாலிஷ் தேய்க்கும் சத்தம் நின்றிருந்தது. நான் மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். அந்தக் குட்டி உருவம் நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தது. பெயர் கூப்பிட்டவுடன் எழுந்து நிற்கிற மாதிரி. திங்கட்கிழமை வகுப்பும் தெரிந்தது. பிரமிளா போய் என்ன சொல்வாள் என்பதும் தெரிந்தது. எல்லாரும் ஒரு முறை என் பக்கம் திரும்பினார்கள். இனி திரும்ப மாட்டார்கள்.

“வேண்டாம்” என்றேன்.

பிரமிளா எழுந்து குடையை எடுத்தாள்.

“பாக்கறதுக்கு என்ன?” என்று அலமேலு அவசரமாகச் சொன்னாள். “எங்க ஊர்லயும் பாக்கலாம். எடுக்கத்தான் கூடாது.”

“எடுக்காம என்னத்த ஆடறது, மண்ணாங்கட்டி” என்றாள் பிரமிளா. ஆனால் குடையைக் கீழே வைத்தாள்.

முதல் வரிசையைத் திறந்தேன்.

அங்கே இருந்தவர் யாரோ, அவர் எல்லாவற்றையும் செய்து முடித்திருந்தார். ஒரு பெரிய கோட்டை. உள்ளே போனால் சிப்பாய்கள் விலகி நின்றார்கள். ராஜா சிம்மாசனத்தை விட்டு எழுந்தார். எந்த ஊருக்குப் போனாலும் ஜனங்கள் ஓடிவந்து ஏதோ சொன்னார்கள். ஓர் எழுத்தும் புரியவில்லை, ஆனால் சந்தோஷம் என்பது புரிந்தது. எந்தக் கதவும் பூட்டியிருக்கவில்லை. நாங்கள் பார்க்க மட்டும் செய்தோம். ஒரு வீட்டுக்குள் பெட்டி இருந்தது. பிரமிளா, “தெற, தெற” என்றாள். “கூடாது” என்றாள் அலமேலு. கடையில் வாங்கவில்லை, யாரோடும் சண்டை போடவில்லை. எதிரிகள் வந்தால் ஓடிவிட்டோம். ஏதாவது கேள்வி மாதிரி பெட்டி தோன்றினால், பின்வாங்குகிற பொத்தானை அமுத்தினோம். உலகத்தில் யாரும் அந்த ஆட்டத்தை அவ்வளவு மரியாதையாக ஆடியிருக்க மாட்டார்கள்.

கோட்டைக்குப் பின்னால் ஒரு பாறை. அதே பாறை. நுனியில் போய் நின்றதும் எங்கிருந்தோ ஒரு சத்தம் வந்தது. பனிக்குள் ஏதோ அசைந்தது. பிறகு அந்தப் பறவை மேலே வந்தது.

லாந்தர்ப் பெண் அதன் மேல் ஏறிக்கொண்டாள். தரை சாய்ந்தது. அதை எப்படிச் சொல்வது என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. அதுவரை தட்டையாக இருந்த டிவி சட்டென்று ஆழமாகிவிட்டது. எங்களுக்குக் கீழே காடுகள், ஆறுகள், ராஜாவின் கோட்டை, எல்லாம் விரித்துப் போட்ட ஜமுக்காளம் மாதிரி சுற்றின. நான் இடதுபக்கம் அமுத்தினால் மலைகளே வலதுபக்கம் திரும்பின. அலமேலு தரையைக் கையால் பிடித்துக்கொண்டாள். மலைகள் முடிந்தன. கடல் வந்தது. கடல் மட்டுமே வந்தது. மாமா எப்போது உள்ளே வந்து எங்களுக்குப் பின்னால் உட்கார்ந்தார் என்று தெரியாது. அப்பா ஜீப் சாவியோடு கதவில் சாய்ந்து நின்றிருந்தார்.

“இவ்வளவு தண்ணியா மாப்ள?” என்று கேட்டார். கேலி இல்லாமல் அவர் மாமாவிடம் கேட்ட கேள்வி எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

“இதை விட நொம்பங்க மச்சான்.”

இரண்டாவது வரிசை ஆள் பாதி தூரத்தில், பனிக்கட்டி ஊர் ஒன்றில் நின்றார். கடைசியாக மூன்றாவதைத் திறந்தோம். ஒரு சின்ன வீடு. ஒரு கட்டில். அடுப்படியில் ஒரு அம்மா. கட்டிலுக்குப் பக்கத்தில் அந்தக் குட்டி உருவம். அவ்வளவுதான். அது வாசலைக்கூடத் தாண்டியிருக்கவில்லை.

“ஐயோ” என்றாள் பிரமிளா. “இது பாப்பா ஆடினது போல இருக்குது. அண்ணனும் அக்காவும் ஆட, இதுக்கும் ஒண்ணு போட்டுக் குடுத்திருக்காங்க.”

பிறகு அவளே கையை நீட்டி மெஷினை நிறுத்தினாள். போகும்போது, “உங்க மாமா கேசட்டு நல்லாத்தான் இருக்குது. நீங்க ரெண்டு பேருந்தான் லூசு” என்றாள். திங்கட்கிழமை வகுப்பில் அந்தப் பறவையைப் பற்றிச் சொன்னது அவள்தான். எவ்வளவு பெரிது என்று காட்டக் கை போதாமல் பெஞ்சின் மேல் ஏறி நின்றாள். என்னைச் சாட்சிக்கு அழைத்தாள். நான் தலையை ஆட்டினேன், அது போதுமானதாக இருந்தது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே எனக்கு வேறு கவலை வந்துவிட்டது. மாமா பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே கப்பல் கூப்பிட்டுவிட்டது. நான் கேசட்டைக் கொண்டுபோய் அவர் முன்னால் நீட்டினேன்.

“ஏனுங்க மாமா, அவிங்க தேட மாட்டாங்களா?”

“யாரு கண்ணு?”

“இதுல இருக்கறவங்க. பாப்பா இன்னும் ஊட்டை வுட்டே போகல.”

மாமா கேசட்டை வாங்கி, என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். அப்பா பக்கத்தில்தான் இருந்தார், அவராவது சிரித்திருக்கலாம்.

“அதுவுஞ் செரிதான் சாமி” என்றார் மாமா. “கொண்டுபோய்க் குடுத்துப்போடறேன்.”

“போற வழிதானே மாப்ள” என்றார் அப்பா, முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல்.

மாமா தன் புதுக் கைக்குட்டையில் அதைச் சுற்றி, பெட்டியில் சட்டைகளுக்கு நடுவில் வைத்தார். மறுநாள் காலை அப்பா ஜீப்பில் அவரைச் சேலத்துக்கு இறக்கிவிட்டு வந்தார். பையில் இருந்த மற்ற கேசட்டுகளை நாங்கள் ரொம்ப நாள் ஆடினோம். காரோட்டம், குத்துச்சண்டை என்று இருந்தன. நன்றாகத்தான் இருந்தன. எதிலும் பறவை இல்லை.

அடுத்த வருஷம் மாமா வந்ததும், அவர் முகம் கழுவுவதற்குக்கூட விடாமல் நான் போய் நின்றேன். என்ன கேட்க நிற்கிறேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, “குடுத்துட்டேன் கண்ணு” என்றார். அப்புறம் உட்கார்ந்து, அவசரமில்லாமல் சொன்னார். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு தெரு. மாடி வீடு. பெரியவன் கண்ணாடி போட்டிருந்தான், கேசட்டைப் பார்த்ததும் குதித்தானாம். அக்காக்காரி இடுப்பு வரை குனிந்து வணக்கம் சொன்னாளாம். சின்னது மட்டும் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டதாம்.

“உன்னாட்டமேதான். ஒரு வார்த்தை பேசல. கேசட்டை வாங்கிட்டு உள்ள ஓடிருச்சு.”

“வாசலைத் தாண்டிருச்சுங்களா?”

“தாண்டாம? நான் வரும்போது காட்டுக்குள்ள நடந்துட்டு இருந்துது.”

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பி எதையோ கிளறிக்கொண்டிருந்தாள். அப்பா, மாமா கொண்டுவந்திருந்த பேரீச்சம்பழ டப்பாவைக் கையில் எடுத்து, அதன் மேல் இருந்த ஒட்டகப் படத்தையும், வளைந்து வளைந்து ஓடிய எழுத்துகளையும் வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வருஷம் மாமா பெட்டியில் ஜப்பான் எழுத்து எதிலும் இல்லை, எதை எடுத்தாலும் அந்த எழுத்துதான். சோப்பு, தைலம், அம்மாவுக்கு ஒரு போர்வை, எல்லாவற்றிலும். அன்றைக்கு அதெல்லாம் எனக்கு உறைக்கவே இல்லை. பழம் அவ்வளவு இனிப்பாக இருந்தது. கொட்டையை உள்ளங்கையில் துப்பிவிட்டு, இன்னொன்றை எடுத்துக்கொண்டு, மாமாவின் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தேன்.

“அப்புறம் மாமா?” என்றேன்.